நாலு பேர், ஒரு மைக்: விமர்சனங்கள் போடாத கணக்கு

குறைந்த விலை மைக்குகளைப் பற்றிய விமர்சனக் காணொளிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். பேசுகிறவர் ஒரே ஆள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. மைக் வாயிலிருந்து ஒரு ஜாண் தூரம்கூட இல்லை. இப்படிச் சோதித்தால் ஏறக்குறைய எல்லா மைக்கும் நன்றாகத்தான் கேட்கும். நாலு பேர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நேரலையில் வர்ணனை செய்தால் அதே மைக் என்ன ஆகும் என்று நான் பார்த்த எந்த விமர்சனமும் சோதிக்கவில்லை.

நான் இங்கே மனதில் வைத்திருப்பது சதுரங்க வர்ணனை. 2024 கடைசியில் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் மோதியபோது, நண்பர்கள் வீட்டில் கூடித் தமிழில் பேசிய சில சின்ன நேரலைகளைக் கேட்டேன். மைக்குக்குப் பக்கத்தில் இருப்பவர் முழங்குவார். ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர் சோபா மூலையில் இருந்து "குதிரையை எடுத்தா ராணி போயிடும்" என்று முணுமுணுப்பார். நமக்குக் கேட்பது மின்விசிறிதான். கிரிக்கெட் என்றால் கூட்டத்தின் இரைச்சலில் இதெல்லாம் மறைந்துவிடும். சதுரங்கத்தில் நிமிடக்கணக்கில் அமைதி, அதனால் ஒவ்வொரு குறையும் துல்லியமாகக் கேட்கும்.

கணக்கு எளிது. தூரம் இரட்டிப்பானால் நேரடியாக வரும் குரல் 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 5 செ.மீ.யில் இருந்த மைக்கை 80 செ.மீ. தள்ளி டீப்பாய் மேல் வைத்தால் தூரம் நான்கு முறை இரட்டிப்பாகிறது. இழப்பு 24 டெசிபல். அதை ஈடுகட்ட கெயினை ஏற்றினால் விசிறியும் குக்கர் விசிலும் தெரு ஹாரனும் கூடவே அதே 24 டெசிபல் ஏறும். எத்தனை ஆயிரம் கொடுத்து மைக் வாங்கினாலும் இந்தக் கழித்தல் மாறாது.

"டைனமிக் மைக் பின்னணிச் சத்தத்தை எடுக்காது" என்று எல்லோரும் சொல்லும் வாக்கியமும் பாதிதான் உண்மை. அதன் உணர்திறன் குறைவு என்பதால் நாம் வாயருகே பிடிக்கிறோம், அதனால் பின்னணி அடங்குகிறது. அதையும் 80 செ.மீ. தள்ளி வைத்துக் கெயினை ஏற்றிப் பாருங்கள், விசிறி தாராளமாக வரும்.

பிபிசி பொறியாளர்கள் 1930களிலேயே இதற்கு விடை கண்டுவிட்டார்கள். அவர்களுடைய வர்ணனையாளர் மைக்கில் மேலுதட்டில் ஒட்டிக்கொள்ள ஒரு சின்னப் பட்டை இருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தை அந்தப் பட்டையே நிர்ணயித்துவிடும். அரங்கம் அதிர்ந்தாலும் குரல் தனியாகக் கேட்கும். அதன் இன்றைய வடிவம் நம் பட்ஜெட்டுக்கு எட்டாது, ஆனால் அந்த யோசனைக்குக் காசு இல்லை.

யெட்டி மாதிரியான யுஎஸ்பி மைக்கை நாலு பேருக்கு நடுவில் வைத்து, எல்லாத் திசையும் கேட்கும் நிலைக்கு மாற்றுங்கள் என்பது அடிக்கடி காணும் ஆலோசனை. எதிரெதிரே உட்காரும் இரண்டு பேருக்கு, இருதிசை நிலையில் அது பரவாயில்லை. நாலு பேருக்கு வேண்டாம். அறை முழுவதையும் கேட்கச் சொல்லிவிட்டு அறைச் சத்தம் வருகிறதே என்று வருந்துவதில் அர்த்தமில்லை. சரி, யுஎஸ்பி மைக்கையே இரண்டு வாங்கி ஒரே கணினியில் செருகினால்? ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் விலகிவிடும். மென்பொருள் அதை இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டலாம்தான், ஆனால் ஆட்டம் நாலைந்து மணி நேரம் போகும்.

என் தேர்வு: ஆளுக்கொரு மலிவான டைனமிக் மைக், அவற்றோடு நான்கு மைக் உள்ளீடுகள் உள்ள ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஷூர் எஸ்எம்58 ஒன்றின் விலையில் பெரிங்கர் எக்ஸ்எம்8500 மூன்று வாங்கிவிடலாம். 5 செ.மீ. தூரத்தில் பேச்சுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நேயர் கண்டுபிடிப்பது கஷ்டம். இன்டர்ஃபேஸில்தான் கவனம் வேண்டும். அதிகம் பரிந்துரைக்கப்படும் ஸ்கார்லெட் 2ஐ2வில் மைக் உள்ளீடு இரண்டுதான். பெரிங்கர் யுஎம்சி404எச்டியில் நான்கு. மைக்கில் மிச்சம் பிடித்து இங்கே செலவழியுங்கள். இரண்டு மைக்குகளின் இடைவெளி, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 10 செ.மீ.யில் பேசினால் 30 செ.மீ. போதும், ஒரே சோபாவில் நெருங்கி உட்காரலாம்.

கெயினை முணுமுணுப்புக்கு வைக்காதீர்கள், கத்தலுக்கு வையுங்கள். 14ஆவது ஆட்டத்தின் 55ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தாரே, அந்த நொடியில் எந்த நாலு பேரும் அடக்கமாகப் பேசியிருக்க மாட்டார்கள். 24 பிட் பதிவில் சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 18 டெசிபல் பக்கம் இருந்தாலும் நஷ்டம் இல்லை. உச்சத்தில் நசுங்கிய குரலைத்தான் திரும்ப எடுக்க முடியாது.

கணினியின் ஒலி ஸ்பீக்கரில் வரக்கூடாது. வந்தால் நான்கு மைக்குகளும் அதை வெவ்வேறு நேரத்தில் பிடித்து, குடத்துக்குள் பேசுவதுபோல் ஆக்கிவிடும். காதை முழுக்க மூடும் மலிவு ஹெட்போன் போதும், ஒன்றை நாலாகப் பிரிக்க ஒரு சின்ன ஹெட்போன் ஆம்ப்.

விசிறியை நிறுத்தச் சொல்ல மாட்டேன், சென்னையில் அது நடக்காத காரியம். மேலே சுழல்வதை அணைத்துவிட்டு, டேபிள் ஃபேனைப் பேசுகிறவரின் எதிரே, அதாவது மைக்கின் முதுகுப்பக்கம் வையுங்கள். கார்டியாய்டு மைக்குக்கு அந்தத் திசையில்தான் காது மந்தம். காற்று நேராக அடிக்கும் என்பதால் மைக் தலையில் ஒரு பஞ்சு உறை மாட்டிவிடுங்கள்.