நூறைத் தாண்டும் கணக்கு

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பு. பந்திக்குப் போகிற வழியில் மொய் எழுதுகிற மேஜை. மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் கலர் பேப்பர் சுற்றிய பார்சல் ஒன்றை நீட்டினார்கள். நோட்டுடன் உட்கார்ந்திருந்த பெரியவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, ‘‘உள்ளே என்னப்பா?’’ என்றார்.

‘‘புக் மாமா.’’

‘‘என்ன புக்?’’

‘‘புருஷன் பொண்டாட்டி சந்தோஷமா இருக்கறது எப்படின்னு...’’

பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நோட்டில் ‘புத்தகம் - 1’ என்று எழுதிக்கொண்டார்.

விசாரித்தேன். ஜான் கிரே எழுதிய ‘மென் ஆர் ஃப்ரம் மார்ஸ், விமன் ஆர் ஃப்ரம் வீனஸ்’. 1992-ல் வந்தது. ஆண்கள் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள், பெண்கள் வெள்ளிக் கிரகத்துக்காரர்கள். பாஷை புரியாமல்தான் சண்டை என்கிற ரகம். இன்னமும் பரிசாகக் கொடுக்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது என்று அதையும், அதே ரகத்தில் பேர் வாங்கிய இன்னும் மூன்றையும் வரவழைத்துப் படித்தேன். மேஜை மேல் இந்த நாலையும் பார்த்துவிட்டு என் மனைவி கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. விடுங்கள்.

நான் பி.காம். கல்லூரியில் படித்ததில் மறக்காமல் இருப்பது, ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு உண்டு என்பது மட்டும்தான். அந்தக் கண்ணோடு படித்ததாலோ என்னவோ, இந்தப் புத்தகங்களில் காதலைவிடக் கணக்குதான் அதிகம் தென்பட்டது. வில்லார்ட் ஹார்லி 1986-ல் எழுதிய ‘ஹிஸ் நீட்ஸ், ஹெர் நீட்ஸ்’ நேரடியாக ‘லவ் பேங்க்’ என்றே பேசுகிறது. நல்லது செய்தால் டெபாசிட், கஷ்டப்படுத்தினால் வித்டிராயல். கணவனின் ஐந்து தேவைகளில் ‘அழகான மனைவி’ ஒன்று. மனைவியின் ஐந்து தேவைகளில் ‘பண ஆதரவு’ ஒன்று. மேட்ரிமோனியல் விளம்பரத்தைப் பிரித்து அத்தியாயம் போட்ட மாதிரி இருக்கிறது. கேரி சாப்மன் பாதிரியார். அவருடைய ‘ஃபைவ் லவ் லாங்வேஜஸ்’ புத்தகத்தில் பேங்க் இல்லை, டேங்க் இருக்கிறது. ‘லவ் டேங்க்’! காலியானால் நிரப்ப வேண்டுமாம்.

ஜான் கிரேயிடம் வருவோம். மகரிஷி மகேஷ் யோகியிடம் ஒன்பது வருஷம் சந்நியாசியாக இருந்தவர். அங்கிருந்து வந்து தாம்பத்யத்துக்கு மார்க் போட ஆரம்பித்தார் என்பது ஒரு தமாஷ். பூ வாங்கி வந்தாலும், பெரிய சம்பளம் கொண்டுவந்து கொட்டினாலும், மனைவியின் கணக்கில் ஆளுக்கு ஒரு பாயிண்ட்தான் என்கிறார். சம்பளக் கவருக்கு முப்பது பாயிண்ட் விழும் என்று நம்புகிற கணவர் ஏமாந்து போகிறாராம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆகவே சின்னச் சின்னதாகப் பாயிண்ட் சேர்க்கக் கணவர்களுக்கு 101 வழி தருகிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மனைவியைத் தேடிப் போய் அணைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிக்கிறது. நல்ல யோசனைதான், யார் வேண்டாம் என்றார்கள்?

மனைவி எப்படிப் பாயிண்ட் வாங்குவது? அதற்கும் ஒரு பட்டியல் உண்டு. கணவர் தப்பு செய்துவிட்டு நிற்கும்போது ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லாமல் இருந்தால் பத்து முதல் இருபது. அவர் வழி தப்பிப் போனால் அதைப் பெரிசாக்காமல் இருந்தால் அதற்கும் பாயிண்ட். கவனியுங்கள். அவருக்குச் செய்ததற்கு மார்க். அம்மாவுக்கு வாயைத் திறக்காததற்கு மார்க். இதைச் சொல்ல செவ்வாய்க் கிரகம் வரை போயிருக்க வேண்டாம், என் பாட்டி திண்ணையிலேயே சொல்லியிருக்கிறாள்.

கணக்கு எழுதுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மொய் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக வைத்து லட்சக்கணக்கில் வசூலாகிறது. அது நடக்கிறது என்றால் காரணம், கணக்கு ஊரறிந்தது. நான் ஆயிரம் எழுதினேன் என்பது என் நோட்டிலும் இருக்கிறது, உங்கள் நோட்டிலும் இருக்கிறது. ஆயிரம் என்றால் இரண்டு பேருக்கும் ஆயிரம்தான்.

வீட்டுக்குள்ளே அப்படியா? 1979-ல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியல்காரர்கள் கனடாவில் ஒரு வேலை செய்தார்கள். கணவன் மனைவியைத் தனித்தனியாக உட்காரவைத்து, காலைச் சமையல், பாத்திரம், குழந்தைகள் என்று ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று குறிக்கச் சொன்னார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலானவற்றில் நூறு சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் தேய்த்த பாத்திரம் நமக்கு ஞாபகம் இருக்கிறது, அடுத்தவர் தேய்த்தது கண்ணிலேயே படவில்லை. அவ்வளவுதான். இரண்டு பேர், இரண்டு பேரேடு, எந்தக் காலத்திலும் டேலி ஆகாது. இப்படிப்பட்ட வீட்டுக்குள் ‘பாயிண்ட்’ என்ற ஒன்றைக் கொண்டுபோய் விடுவது, ஆடிட்டர் இல்லாத கம்பெனிக்கு இரண்டு கேஷியர் போட்ட கதை.

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு பெண்மணி சாப்மன் புத்தகத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படிப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில். ‘‘வீட்ல படிக்க முடியாதா மேடம்?’’ என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். ‘‘அவருக்குத் தெரிஞ்சா, என்கிட்ட என்ன குறை கண்டேன்னு கேப்பார்’’ என்றார். அன்றைக்கு எனக்கு அது பெரிசாகப் படவில்லை. இப்போது அதே புத்தகத்தைப் படிக்கும்போது உறைத்தது.

அதில் ஒரு அத்தியாயம். கணவர் தன்னை வெறுக்கிறார் என்று ஒரு பெண் சாப்மனிடம் வருகிறாள். அவர் பைபிளை எடுக்கிறார். பகைவரை நேசி. ஆறு மாதம் பரிசோதனை செய்து பார் என்கிறார். குறை சொல்லாதே, அவருடைய ‘மொழி’ எது என்று கண்டுபிடித்துப் பேசு. படுக்கையிலும் நீயே முன்கை எடு. இது ஒரு வார வேலை இல்லை, ஆறு மாத வேலை. மொத்தமும் அவள் பங்கு. புத்தகத்தில் கணவர் திருந்திவிடுகிறார். திருந்தாத வீட்டில் அந்த ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவது? கோடிக்கணக்கில் விற்ற புத்தகம் ஐயா இது. டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒளித்துப் படிக்கிறவருக்குத்தான் இந்த வீட்டுப்பாடம் வந்து சேர்கிறது. ஏற்கெனவே சுமப்பவர் தலையில் இன்னொரு மூட்டை.

2024-ல் எமிலி இம்பெட்டும் கூட இரண்டு ஆய்வாளர்களும் இந்த ஐந்து மொழிக் கொள்கைக்கு இருக்கும் ஆதாரங்களை அலசினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதான மொழி என்பதற்கும், அதையே பேசினால் உறவு உயரும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை என்றார்கள். அன்பு ஒரு மொழி மாதிரி அல்ல, எல்லாமும் கலந்து வேண்டியிருக்கிற சாப்பாடு மாதிரி என்பது அவர்கள் வாதம். சாம்பார் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஆயிற்றா?

நாலாவது புத்தகம், ஜான் காட்மன் 1999-ல் நான் சில்வருடன் எழுதிய ‘செவன் பிரின்சிபிள்ஸ்’. இவர் ஆராய்ச்சிக்காரர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு மாதிரி ஒரு சோதனைக்கூடம் வைத்து, ஜோடிகளை உட்காரவைத்து, கேமரா ஓடவிட்டு, நாடித்துடிப்பு வரை அளந்தவர். இவர் மேலும் எனக்குப் புகார் உண்டு. யார் விவாகரத்து செய்வார்கள் என்று தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுவேன் என்கிறார். முடிவு தெரிந்த ஜோடிகளை வைத்தே சூத்திரம் போட்டால் அது எப்படி ஜோசியம் ஆகும் என்று 2001-லேயே கேட்டுவிட்டார்கள். வருஷக் கடைசியில் லாப நஷ்டம் பார்த்துவிட்டு பட்ஜெட் எழுதுகிற வேலை. போதாக்குறைக்கு இவரும் ‘எமோஷனல் பேங்க் அக்கவுன்ட்’ என்று ஒன்று திறக்கிறார்!

ஆனால், மனுஷன் இரண்டு இடத்தில் நிமிர்ந்து உட்கார வைக்கிறார். நீ இது செய்தாய், நான் அது செய்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்வதே தாம்பத்யம் கெட்டுப்போனதன் அடையாளம் என்கிறார். (பிறகு எதற்கு அக்கவுன்ட் என்று கேட்காதீர்கள். எனக்கும் புரியவில்லை.) இரண்டாவது, தம்பதிகளின் சண்டைகளில் 69 சதவிகிதம் தீராது என்கிறார். நாலு வருஷம் கழித்தும் அதே சண்டைதான். மாமியார் வீட்டுக்கு எத்தனை நாள், பணத்தை யார் பார்ப்பது, துண்டை எங்கே காயப்போடுவது. அந்தச் சண்டையோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறீர்கள் என்பதுதான் விஷயமாம். சந்தோஷத்துக்கு வழி சொல்கிறேன் என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே முக்கால்வாசி தீராது என்று ஒப்புக்கொள்கிற நேர்மை மற்ற மூன்றிலும் இல்லை. வாங்குவதானால் இதை வாங்குங்கள். கிரேயை ரயிலில் படிக்கலாம்.

நேற்று அந்த மாப்பிள்ளைப் பையனை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். விருந்தெல்லாம் முடிந்ததா என்று கேட்டுவிட்டு, ‘‘அந்தப் புத்தகம் எப்படி இருக்கு தம்பி?’’ என்றேன்.

‘‘நான் இன்னும் பிரிக்கல சார். அவ படிச்சிட்டு இருக்கா.’’