பின்னிருக்கை வாசகன்

மோட்டார் சைக்கிளில் தூரப் பிரயாணம் போய் வந்து எழுதுவது இப்போது தமிழில் ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கும், கன்னியாகுமரியிலிருந்து லடாக்குக்கும் போகிறார்கள்; போய் வந்ததும் எழுதுகிறார்கள். நல்ல காரியம்தான். திண்ணையில் உட்கார்ந்தபடியே இமயமலையை வர்ணித்தவர்களைப் படித்து வளர்ந்த நமக்கு, இடுப்பு நோக ஆயிரம் மைல் போய்விட்டு வந்து எழுதுகிறவர் மீது மரியாதை பிறக்கத்தான் செய்யும். ஆனால் மரியாதை வேறு, ரசனை வேறு. இந்தக் கட்டுரைகளைப் படித்து முடிக்கும்போது ஒரு கேள்வி மிஞ்சுகிறது: இவர் போன ஊரைப் பார்த்தேனா, அல்லது இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனா?

இந்த வகை எழுத்துக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய முன்னோடி உண்டு. ராபர்ட் பர்சிக் 1974-ல் வெளியிட்ட ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்ற புத்தகம். 1968-ல் மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரையில், சிறுவனான மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பெரிய நெடுஞ்சாலைகளைக் கூடியவரை ஒதுக்கிவிட்டுக் கிளைச் சாலைகளில் போன பிரயாணம் அதற்கு ஆதாரம். வழி நெடுகத் தகப்பனுக்குத் தத்துவ விசாரம். யந்திரத்தைப் பற்றி, தரத்தைப் பற்றி, புத்தி கலங்கிப் போன தம் பழைய வாழ்வைப் பற்றி. புத்தகத்தின் முடிவில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். பையன் கால்மிதியில் எழுந்து நின்று தகப்பனின் தோளுக்கு மேலாக முன்னே பார்க்கிறான். பார்த்ததும் அவனுக்கு உலகமே வேறாக இருக்கிறது. அத்தனை தூரமும் அவன் கண் முன்னே இருந்தது தகப்பனுடைய முதுகு!

என் அபிப்பிராயத்தில், பிரயாண எழுத்தைப் பற்றிய விமர்சனம் முழுவதும் இந்தச் சம்பவத்தில் அடங்கிவிடுகிறது. வாசகன் பின்னிருக்கையில் உட்கார்ந்து வருகிறவன். வண்டியை ஓட்டுகிறவர் எழுத்தாளர். அவர் சற்றுத் தோளைச் சாய்த்து வழி விட்டால்தான் வாசகனுக்குச் சாலை தெரியும். இல்லாவிட்டால் முதுகுதான்.

எனக்குத் தெரிந்த சாலையை வைத்தே இதைப் பார்க்கலாம். தூத்துக்குடியிலிருந்து தெற்கே பழையகாயல், ஆத்தூர், காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு வரையில் சுமார் 60 கிலோமீட்டர். ‘புல்லட்’டில் வருகிறவர்களுக்கு இது பிடித்தமான பாதை. ஆனால் எழுத்தில் என்ன வருகிறது? விடியற்காலையில் புறப்பட்டது வருகிறது. எஞ்சின் ஓசை வருகிறது. வழியில் சாப்பிட்ட புரோட்டா வருகிறது. வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியலும் நீலக்கடலும் மணப்பாட்டு மணல் மேட்டின் மேல் சிலுவைக் கோயிலும் வருகின்றன. பிறகு, ‘என்னை நான் கண்டுகொண்டேன்’ என்று ஒரு வாக்கியம். கண்டுகொண்டது சந்தோஷமே. அதற்கு மணப்பாடு வரையில் போயிருக்க வேண்டுமா என்பதுதான் விளங்கவில்லை.

இந்தச் சாலையின் விசேஷம், இதன் சரித்திரம் சாலையில் இல்லை என்பதே. முத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முத்துப்பார்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளிக் கடலுக்கடியில் இருப்பவை. இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக ஆள் இறங்கி, ஒரு நிமிஷம் அளவு மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி வந்த இடம் அது. இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். வண்டியை நிறுத்திப் புகைப்படம் எடுத்தால் தண்ணீரின் மேற்புறம்தான் விழும். கொற்கையோ ஒரு காலத்தில் பாண்டியர் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. அதே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல். தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றிய அண்டிரிக் அடிகளார் பல காலம் வாழ்ந்து 1600-ல் கண்மூடிய ஊர். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது 1578-ல். தமிழில் எழுதிப் பிழைக்கிற எவனும் ஒரு தடவை ஒதுங்கிப் பார்க்க வேண்டிய ஊர் இது. ஆனால் பிரதான சாலையிலிருந்து கிளை பிரிந்து போகவேண்டும். அன்றைய தினத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருப்பவருக்கு அந்தத் திருப்பம் நஷ்டக் கணக்கு.

உப்பளமும் அப்படித்தான். வெள்ளைக் குவியல் கண்ணுக்கு அழகு. அந்த வெள்ளையில் நாள் முழுவதும் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணே போய்விடுகிறது. காலில் புண். ஐப்பசி மழை பிடித்தால் சுமார் மூன்று மாதம் வேலை இல்லை. இதையெல்லாம் எழுதிப் பரிதாபம் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தி வரப்பில் நிற்கும் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால், ‘வெள்ளை வெளேரென்று’ என்ற சொற்றொடரை எழுதக் கை வந்திருக்குமா என்றுதான் கேட்கிறேன்.

“காட்சிக்கென்றே சாலை போட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடாதா?” என்று கேட்கலாம். அமெரிக்கர்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். புளூ ரிட்ஜ் மலைச் சாலை 755 கிலோமீட்டர். 1935-ல் தொடங்கி 1987-ல் முடித்தார்கள். லாரி போகக்கூடாது, வேகத்துக்கு வரம்பு உண்டு, நின்று பார்ப்பதற்கு அங்கங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள்காரர்களுக்குச் சொர்க்கம். அந்தச் சாலையில் வர்ஜீனியாவில் மாப்ரி என்பவருடைய பழைய மாவு மில் ஒன்று இருக்கிறது. அவர் குடியிருந்தது பலகை அடித்த மாடி வீடு. மலைவாசி என்றால் மரக்கட்டைக் குடிசையில்தானே இருந்திருக்க வேண்டும்? அதிகாரிகள் அந்த வீட்டை இடித்துவிட்டு, வேறொரு இடத்திலிருந்து ஒரு கட்டைக் குடிசையைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று பிரயாணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க வசதி செய்து கொடுத்தார்கள், வாழ்ந்தவனின் வீட்டை எடுத்துவிட்டார்கள்.

நம் கடற்கரைக்கும் ஒரு நாள் இத்தகைய அலங்காரம் வரலாம். அப்போது வலை காயப்போடும் இடம் ‘காட்சிமுனை’ ஆகும். வலைக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். எழுத்தாளர்கள் இப்போதே அந்த வேலையைச் செய்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. சாலையோரத்து மனிதரை வாக்கியத்திலிருந்து அப்புறப்படுத்துவதும் ஒரு வகைக் குடியகற்றல்தான்.

சரித்திரப் பிரசித்தி பெற்ற இன்னொரு அமெரிக்கச் சாலை, 66-ஆம் எண் சாலை. 1926-ல் எண் பெற்று 1985-ல் அந்த எண்ணை இழந்தது. இன்று பழைய நினைவைத் தேடி மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். ஆனால் அந்தச் சாலைக்கு இலக்கியத்தில் அழியாத இடம் வாங்கிக் கொடுத்தது ஜான் ஸ்டீன்பெக் 1939-ல் எழுதிய நாவல். அதில் போகிறவர்கள் உல்லாசப் பிரயாணிகளல்ல. நிலம் பறிபோய், ஓட்டை லாரியில் பிழைப்பைத் தேடிப் போகிற குடும்பம். தூத்துக்குடிக்கும் அத்தகைய பாதை ஒன்று உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் ஒரு பகுதியினர் இங்கேதான் கொழும்புக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் நடந்துவந்த வழியில்தான் இப்போது நாம் வண்டி ஓட்டுகிறோம் என்ற உணர்வு ஒரு வரியிலாவது தட்டுப்பட வேண்டாமா?

‘அப்படியானால் எழுதுகிறவன் தன்னைப் பற்றிச் சொல்லவே கூடாதா?’ என்று கேட்பது நியாயமே. நம் ஏ.கே. செட்டியார் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதியவர். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகம் முழுக்க அலைந்து 1940-ல் படத்தை வெளியிட்டவர். பட்ட கஷ்டத்தை மற்றவர்கள் நூறு பக்கம் எழுதுவார்கள். அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டு, எதிரே வந்த மனிதரிடம் போய்விடுவார். ஆனால் அதுதான் ஒரே வழி என்று நான் வாதிக்கவில்லை. பர்சிக்கின் புத்தகத்தில் ‘நான்’ மலை போல நிற்கிறது. இருந்தும், தன் முதுகு மகனுக்கு மறைத்துக்கொண்டிருந்தது என்பதைப் புத்தகம் மூடுவதற்குள் அவர் காட்டிவிடுகிறார். ‘நான்’ எவ்வளவு பெரிது என்பதல்ல விஷயம். அது விலகிக் கொடுக்கிறதா என்பதே.

காருக்கும் ரயிலுக்கும் இல்லாத சௌகரியம் மோட்டார் சைக்கிளுக்கு உண்டு. நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கருவாட்டு வாடையும் கருப்பட்டி காய்ச்சும் மணமும் கண்ணாடிக்கு அப்பால் நின்றுவிடுவதில்லை. குறுகின தெருவுக்குள்ளும் நுழையலாம். கட்டுரை எழுதுகிறவனுக்கு இதைவிட ஏற்ற வாகனம் வேறு கிடையாது. அதை வாங்கி வைத்துக்கொண்டு நிற்காமல் போகிறார்களே என்பதுதான் என் குறை. அடுத்த முறை ஆத்தூர்ப் பக்கம் வருகிறவர்கள் புன்னைக்காயல் பாதையில் வண்டியைத் திருப்பிப் பார்க்கட்டும். பத்து கிலோமீட்டர் கூடுதலாகும். கட்டுரையில் இரண்டு மனிதர்கள் கூடுவார்கள்.