தனியாக ஒரு கோப்பை

லண்டனில் ஃப்ளீட் தெருவுக்கு அருகே உள்ள ஓர் ஒயின் பாருக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை தனியாகப் போனேன். வேலை முடிந்து வந்தவர்களின் பேச்சும் சிரிப்பும் வாசல்வரை கேட்டன. பாட்டிலாக வாங்காமல் கோப்பைக் கணக்கில் வாங்கக்கூடிய ஒயின்கள் ஒரு கரும்பலகை நிறைய இருந்தன. ‘ஒயின் ஷாப்’ என்ற பலகையைக் கண்டாலே சாலையின் மறுபக்கம் போய் நடந்து பழகியவள் நான். உள்ளே நுழையச் சற்று நேரம் பிடித்தது.

தனியாக வரும் பெண்ணுக்கு அந்தக் கரும்பலகை முக்கியமானது. ஒரு பாட்டில் 750 மில்லி. 125 மில்லி கோப்பையில் ஊற்றினால் ஆறு கோப்பை வரும். பாட்டிலாக மட்டும் விற்கும் இடம், துணையோடு வருகிறவர்களை மனதில் வைத்தே நடத்தப்படுகிறது. கோப்பைக் கணக்கு, தனி ஆளையும் வாடிக்கையாளராக மதிக்கிறது. திறந்த பாட்டில் சில நாட்களில் சுவை கெட்டுவிடும் என்பதால், கூட்டம் வரும் கடையால்தான் இத்தனை வகைகளைத் திறந்துவைக்க முடியும். அந்தக் கூட்டத்தில் என்னை யாரும் முறைத்துப் பார்க்கவில்லை. அது பிடித்திருந்தது.

ஆனால் பட்டியலின் நீளத்தைச் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பரிமாறிய இளம்பெண், “நடுத்தரமா, பெரியதா?” என்றுதான் கேட்டாள். சிறியது வேண்டும் என்றதும், “அதுவும் இருக்கிறது” என்றாள். பலகையில் அது இல்லை. கேட்பவருக்கு 125 மில்லி கோப்பை தர வேண்டும் என்று இங்கிலாந்தில் 2010 முதல் விதியே உண்டு. முப்பது வகைகளை எழுத இடமிருந்த பலகையில், என் உடம்புக்கு எவ்வளவு போதும் என்று நானே முடிவு செய்ய உதவும் ஒரு வரிக்கு இடமில்லை.

ஃப்ளீட் தெருவிலேயே எல் வினோ என்ற பழைய ஒயின் பார் உண்டு. பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கூடிய இடம். அங்கே ஆண்கள் கவுன்ட்டரில் நின்று வாங்கலாம். பெண்கள் மேசையில் போய் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். 1975இல் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்த பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. வழக்கறிஞர் டெஸ் கில், பத்திரிகையாளர் அன்னா கூட் இருவரும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 1982இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். அன்றைய செய்தியும் வம்பும் கைமாறும் இடம் அந்தக் கவுன்ட்டர். அங்கே நிற்க முடியாத பெண் பத்திரிகையாளர் தொழிலிலும் இழக்கிறார் என்பது தீர்ப்பில் கவனிக்கப்பட்டது.

அவர்கள் கூடுதல் வகை ஒயின் கேட்டு நீதிமன்றம் போகவில்லை. நிற்கும் இடத்தைக் கேட்டார்கள். இன்று நான் கவுன்ட்டரில் சாய்ந்து நிற்பது கடைக்காரரின் தாராளத்தால் கிடைத்ததல்ல.

மதுக்கடையை மூடச் சொல்லிச் சாலையில் உட்காரும் நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கட்டுரை எரிச்சல் தரலாம். குடியின் விலையை வீட்டுக்குள் கொடுப்பவர்கள் அவர்கள். அவர்கள் கோபத்தில் எனக்கு மறுப்பில்லை. குடிப்பதை விடுதலை என்று நான் சொல்லவுமில்லை. ஆனால் நம் ஊர் டீக்கடை வாசலில் தனியாக நின்று ஒரு டீ குடித்த பெண்கள் நம்மில் எத்தனை பேர்? அங்கே மது இல்லை. ஆனாலும் நமக்கு அங்கே இடமும் இல்லை. எல் வினோ வழக்கை நாம் படிக்க வேண்டியது அந்த டீக்கடையை மனதில் வைத்துத்தான்.