வடிவ மாற்றமும் கேட்போர் எதிர்வினையும்: கல்முனைக் கரையோரக் கவிதை மரபை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலக்கிய வடிவங்களின் மாற்றம் பற்றிய எமது திறனாய்வு இதுகாறும் பெரும்பாலும் படைப்போன் பக்கம் நின்றே பேசி வந்துள்ளது. ஒரு கவிஞன் யாப்பை நெகிழ்த்தினான், இன்னொருவன் அதைக் கைவிட்டான், மூன்றாமவன் பேச்சுமொழியைக் கவிதைக்குள் கொணர்ந்தான் என்றவாறு வரலாறு எழுதப்படுகிறது. அம்மாற்றத்தை எதிர்கொண்டவர்கள், அதாவது கேட்டவர்களும் வாசித்தவர்களும், அவ்வரலாற்றில் இரண்டு பாத்திரங்களுள் ஒன்றையே பெறுகின்றனர். மாற்றத்தை வரவேற்றால் அவர்கள் 'விழிப்புற்ற வாசகர்', முணுமுணுத்தால் 'பழமைவாதிகள்'. முற்போக்குத் திறனாய்வும் இப்பழக்கத்துக்கு விலக்கன்று. மார்க்ஸ் 1857 இல் எழுதிய அறிமுகத்தில், உற்பத்தியானது நுகர்வோனுக்குப் பொருளை ஆக்கித் தருவதோடு அப்பொருளுக்குரிய நுகர்வோனையும் ஆக்குகிறது என்று விளக்கி, கலைப்பொருளையே அதற்கு உதாரணமாகக் காட்டினார். இக்கூற்றை எம்மவர் பலமுறை எடுத்தாண்டுள்ளனர். ஆயின் அதே பகுதியில் அவர் கூறும் மறுபாதி, நுகர்விலேயே உற்பத்தி நிறைவு பெறுகிறது என்பது, எமது கட்டுரைகளில் அரிதாகவே தலைகாட்டுகிறது.

இம்மறுபாதியை மனங்கொண்டு கல்முனைக் கரையோரத்தை நோக்கலாம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு செல்லும் நிலப்பரப்பு இது. கிழக்கே கடல், மேற்கே வயல். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் 1961 இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டமையும் இப்பகுதியின் நிலவுறவையும் அரசியலையும் மாற்றின. தமிழ்க் கவிதையின் வடிவம் பற்றிய விவாதங்களைப் பேசுவோர் சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையுமே நினைப்பர். அவ்விவாதத்தின் ஏறத்தாழ எல்லாக் கட்டங்களையும் இச்சிறு கரையோரத்திற் காணலாம் என்பதே இதனை இங்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம்.

இப்பிரதேச முஸ்லிம் கிராமங்களில் 'கவி' என்ற சொல் நாட்டார் பாடலையே முதலிற் குறிக்கும். வயற் காவலிலும், வெட்டுக் காலத்திலும், வண்டிப் பயணத்திலும் பாடப்பட்டது கவி. அச்சிடுவோர் அதனை நான்கு வரியாக எழுதுகின்றனர். பாடுவோர்க்கு அது இரண்டு நீண்ட மூச்சு. மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளித்து உரைப்பதாக அமைவதே அதன் பெரும்பான்மை. ஒரு கவிக்கு எதிர்க்கவி உண்டு. எதிர்க்கவி சொல்ல வல்லவரே அக்கவியை முழுமையாகக் கேட்டவர். இங்கு கேட்போன் என்ற தனிப்பாத்திரம் கிடையாது. அடுத்த முறை வரும்வரை வாய்மூடியிருக்கும் பாடகனே கேட்போன். ஊர்ப்பெயரை மாற்றினால் ஒருவரின் கவி மற்றவரின் கவியாகிவிடும். எனவே இம்மரபில் மாற்றம் நாள்தோறும் நிகழ்ந்தது. அதற்கு எதிர்ப்பு எழவில்லை. எதிர்க்க விரும்பியவர் தமது எதிர்ப்பையும் ஒரு கவியாகவே சொல்லலாம். சொல்லப்பட்டது ஊருக்குப் பிடித்தால் நிலைக்கும், பிடியாவிட்டால் மறக்கப்படும். மறதியே இங்கு திறனாய்வு.

இதனைக் கண்டு ஆதிப் பொதுவுடைமைக் கனவுகளில் மூழ்க வேண்டியதில்லை. கவி பாடிய வயற்காரன் போடியாரின் நிலத்திலேயே நின்று பாடினான். பெண்கள் பேரிற் பாடப்பட்ட கவிகள் எல்லாம் பெண்கள் பாடியவை என்பதற்கும் இல்லை. ஆயினும் வடிவத்தின் மீதான உரிமை அங்கு பரவலாக இருந்தது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வயலில் ஆட்கூட்டத்தைக் கலைத்தன. வானொலி மாலைப்பொழுதை எடுத்துக்கொண்டது. பாடுதல் பற்றிய சமயக் கண்டிப்பும் பிற்காலத்திற் கூடியது. கவி சுருங்கியமைக்கு இவற்றுள் முதலாவதே அடிப்படை எனக் கருதுகிறேன். வேலை செய்யும் கூட்டம் இல்லாதவிடத்து எதிர்க்கவிக்கு ஆள் இல்லை.

கவியரங்கம் இதிலிருந்து வேறானது. மேடை உண்டு, தலைவர் உண்டு, தலைப்பு உண்டு. தலைமைக் கவிஞர் பாட்டாலேயே ஒவ்வொருவரையும் அழைப்பார். அழைக்கப்பட்டவர் அவையையும் தலைவரையும் வாழ்த்தித் தம் பொருளுக்கு வருவார். எதிர்க்கவி சொல்லும் உரிமையை இழந்த கேட்போனுக்கு இங்கு இரண்டு சிறு உரிமைகள் எஞ்சின. ஒன்று கைதட்டல், மற்றது திரும்பச் சொல்லுமாறு கேட்டல். கவியரங்கக் கவிஞர் ஓரடியை இருமுறை வாசிப்பது வெறும் பழக்கமன்று. முதன்முறை அடி அவைக்குச் செல்கிறது. அவையின் முகத்தைக் கண்டபின் இரண்டாம் முறை செல்கிறது. இக்கவிதைகள் நூலாக அச்சேறியபோது தட்டையாகத் தோன்றுவதை நாமெல்லாரும் அறிவோம். 'மேடைக் கவிதை' என்று அவற்றை ஒதுக்கிய விமர்சகர், அச்சில் இல்லாத அந்த அவையைக் கணக்கிற் கொள்ளவில்லை. அவை நல்ல கவிதைகள் என்று வாதிடுவது என் நோக்கமன்று, பல நல்லவையல்ல. ஆனால் அவற்றின் குறை எங்கே பிறந்தது என்று அறியாமல் அதனைத் தீர்க்கவும் இயலாது.

பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன் (1931–1975) இவ்விரு உலகங்களுக்கும் இடைநின்றவர். சந்தத்தின் மீது அவருக்கிருந்த ஆட்சி செவிவழி வந்தது. அவர் மறைவுக்குப் பின் 1982 இல் வெளியான 'வேளாண்மை' இப்பிரதேசத்து நெற்செய்கையின் சொற்களையும் குடும்ப வழக்கங்களையும் காவியமாக்க முயன்ற நூல். வயலில் வழங்கிய சொற்கள் அச்சுக்கு ஏறும்போது அவற்றுக்குப் பொருள் விளக்கம் தேவைப்படும். அப்பொருள் விளக்கம் யாருக்கு? வயலில் நிற்பவனுக்கு அன்று. ஒரு பிரதேசத்தின் கவிதை அப்பிரதேசத்துக்கு வெளியே உள்ள வாசகனை முன்னிறுத்தத் தொடங்கிவிட்டது என்பதற்கு இத்தகைய சொற்பட்டியலை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, மிக நுண்ணியதும் அதிகம் பேசப்பட வேண்டியதுமான மாற்றத்துக்கு வருவோம். மஹாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971), முருகையன், பின்னர் கல்முனைக்குடியைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான் ஆகியோர் யாப்பைக் கைவிடாமலே அதனைத் தாளில் எழுதும் முறையை மாற்றினர். சீருக்கும் அடிக்கும் ஏற்ப வரியை நிறுத்தும் வழக்கத்தை விடுத்து, பேச்சின் பொருளும் மூச்சும் எங்கு நிற்கின்றனவோ அங்கு வரியை முறித்தனர். அகவலும் வெண்பாவும் உள்ளேயே இருந்தன. கண்ணுக்கு மட்டும் அவை மறைந்தன. இதன் விளைவு வேடிக்கையானது. யாப்பறிந்த பண்டிதர், பக்கத்தைப் பார்த்தவுடன் யாப்புக் கெட்டது என்று கருத இடமேற்பட்டது. யாப்பறியாத இளைஞர், பக்கத்தைப் பார்த்து இதுவே புதுக்கவிதை என்று மகிழ இடமேற்பட்டது. இரு சாராரும் கண்ணை நம்பினர். வாய்விட்டு வாசித்திருந்தால் இருவரும் தம் கருத்தை மாற்றியிருப்பர். 'கோடை' முதலான பா நாடகங்களில் இம்முறை தன் முழுப்பயனை அடைந்தமைக்குக் காரணம் வெளிப்படை: நாடக அவை வரி முறிவைக் காண்பதில்லை, பேச்சைக் கேட்கிறது. ஐந்து வரிக் 'குறும்பா'வை மஹாகவி 1966 இல் நூலாக்கித் தந்தபோதும், புறத்தேயிருந்து வந்த ஒரு வடிவம் தமிழ்ச் செவிக்கு அந்நியமாகாமற் போனமைக்கு அதன் சந்தமே காரணம்.

இதற்குச் சற்று முன், 1960 களின் தொடக்கத்தில், ஈழத்தில் நிகழ்ந்த மரபு பற்றிய விவாதம் நினைவுகொள்ளத்தக்கது. பேச்சுவழக்கைப் படைப்பிலக்கியத்திற் கையாண்டமையை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் தரப்பு இகழ்ந்தது. அவ்வெதிர்ப்பின் வர்க்க, சாதி அடிப்படையை எம் முன்னோடிகள் தெளிவாகவே வெளிப்படுத்தினர், அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வெற்றி ஒரு தீய பழக்கத்தையும் விட்டுச்சென்றது. அதன்பின் எழுந்த ஒவ்வொரு முணுமுணுப்பும் பண்டிதரின் முணுமுணுப்பாகவே எமக்குக் கேட்டது. மறுபுறம், 1970 களின் முற்பகுதியிற் புதுக்கவிதை பரவியபோது தமிழகத்திலும் ஈழத்திலும் மார்க்சியத் திறனாய்வாளர் பலர் அதனை முதலாளித்துவச் சிதைவின் குரலாகக் கண்டு எதிர்த்தனர். 1971 இல் கோவையில் தோன்றிய 'வானம்பாடி' அவ்வடிவத்தையே சமூக முழக்கத்துக்குக் கருவியாக்கியபோது அவ்வெதிர்ப்பு நிலைகுலைந்தது. அதாவது, பண்டிதரைக் கண்டித்த அதே தரப்பு, சிறிது காலத்தின் பின் தானே பண்டிதரின் ஆசனத்தில் அமர்ந்திருந்தது. இதனைக் கைலாசபதி தலைமுறையின் பெருமையைக் குறைக்கும் நோக்கில் நான் கூறவில்லை. 1968 இல் வெளியான தமது வீரயுகக் கவிதை பற்றிய ஆய்வில், வாய்மொழிக் கவிதையில் அவையின் பங்கை எமக்கு முதலில் உணர்த்தியவரே அவர். அவ்வுணர்வை நிகழ்காலக் கவிதைக்கு நீட்டியிருப்பின் விவாதம் வேறு தளத்தில் நடந்திருக்கும்.

எதிர்ப்போரை அவர்களது முடிவால் அல்லாமல் அவர்களது இழப்பால் அளப்பதே நேர்மையான முறை என்பது என் துணிபு. இழிசனர் வழக்கைக் கண்டித்த பண்டிதர் இழந்தது தீர்ப்பளிக்கும் அதிகாரம். கல்முனைப் பகுதியிற் புதுக்கவிதையைக் கேட்டு 'விளங்கவில்லை' என்று சொல்லும் கேட்போன் இழந்தது பதில் சொல்லும் உரிமை. இரண்டும் ஒரே சொற்களில் வெளிப்படலாம், இரண்டும் ஒன்றல்ல.

இவ்வேறுபாடு சோலைக்கிளியின் கவிதைகளை நோக்குமிடத்து மிகவும் பயன்படுகிறது. கல்முனைக்குடியிற் பிறந்த அவரது 'நானும் ஒரு பூனை' 1985 இலும், 'எட்டாவது நரகம்' 1988 இலும் வெளியாயின. அவரது படிமங்கள் புரியவில்லை என்பது பரவலான குற்றச்சாட்டு. படிமச் செறிவை மட்டும் அதற்குக் காரணமாகக் காட்டுவது போதாது. அக்காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1985 இல் காரைதீவிலும் அயலிலும் தமிழ்–முஸ்லிம் மோதல் வெடித்தது. 1990 இன் படுகொலைகள் கிழக்கின் இரு சமூகங்களையும் மேலும் விலக்கின. நீலாவணனும் நுஃமானும் ஒரே சூழலில் இயங்கிய காலத்தின் பொது அவை சிதறத் தொடங்கிய நேரத்தில் அவர் எழுதினார். யார் கேட்கின்றனர் என்பது உறுதியற்றபோது கவிஞன் உருவகத்துக்குள் ஒதுங்குவது இயல்பு. காகமும் பூனையும் மரமும் பேசும் அவரது உலகம், சொற்களால் நோக்கின், கவி பாடிய வயற்காரனுக்கு அந்நியமான உலகமன்று. ஊரின் பேச்சே அதில் நிறைந்துள்ளது. அந்நியமானது எதிர்க்கவிக்கு இடமின்மை. விளங்கவில்லை என்று சொன்னவர் பலர் குறித்ததும் இதுவே என்று கொள்வதற்கு இடமுண்டு.

பிரெக்ட் 1932 இல் வானொலி பற்றிப் பேசியபோது, அது விநியோகிக்கும் கருவியாக மட்டும் நிற்பதைக் கண்டித்து, கேட்பவனைப் பேசவும் வைக்கும் கருவியாக மாற வேண்டும் என்றார். பெஞ்சமின் 1934 இல் வாசகனை உற்பத்தியில் ஈடுபடுத்தும் ஆற்றலைக் கொண்டே ஒரு வடிவத்தை மதிப்பிட வேண்டும் என வாதித்தார். ஐரோப்பிய நகரங்களில் அவர்கள் எதிர்காலத்துக்கெனக் கேட்டதன் ஒரு கூறு, மிக எளிய அளவில், எம் வயல்களில் இருந்து மறைந்துகொண்டிருந்தது. அதனை மீட்டெடுத்தல் வயலுக்குத் திரும்புவதால் ஆகாது.

இவ்விடத்துக் கல்முனையில் இயங்கிய வாசகர் சங்கத்தின் பெயர் என் கவனத்தை ஈர்க்கிறது. நுஃமான் 1969, 1970 ஆம் ஆண்டுகளில் 'கவிஞன்' இதழை நடத்தினார். அவரது 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977 இலும், பலஸ்தீனக் கவிதைகளின் மொழிபெயர்ப்பு 1981 இலும் வாசகர் சங்க வெளியீடுகளாக வந்தன. எழுத்தாளர் சங்கங்கள் மலிந்த நாட்டில், நூலை வெளியிடும் அமைப்பொன்று வாசகரின் பெயரைத் தாங்கியது. நுகர்வோன் என்ற நிலையிலிருந்து வாசகனை உற்பத்தியின் பக்கத்துக்கு நகர்த்தும் எண்ணத்தைப் பெயரளவிலேனும் அது அறிவித்தது.

நாட்டார் கவிகளைத் தொகுக்கும் பணியிலும் இதே வினா எழுகிறது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோரின் உழைப்பினாற் கவிகள் அச்சில் நிலைபெற்றன, அது பெரும்பணி. ஆயினும் காதல், பிரிவு, தாலாட்டு எனப் பொருள்வாரியாக வகுக்கும் பொதுவான தொகுப்பு முறையிற் கவியும் அதன் எதிர்க்கவியும் ஒன்றையொன்று இழந்து வெவ்வேறு பக்கங்களில் நிற்க நேரிடும். இனி வரும் பதிப்புகளேனும் சொன்ன கவியையும் மறுத்த கவியையும் எதிரெதிர்ப் பக்கங்களில், யார் யாருக்கு எவ்வேலையின் நடுவே பாடியது என்ற குறிப்புடன் அச்சிடுதல் வேண்டும். முதிய பாடகர் சிலர் இருக்கும்போதே அக்குறிப்புகளை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.