சோழியும் சுற்றுப்பாதையும்

மார்ட்டின் குட்ஸ்வில்லர் 1990இல் எழுதிய, செவ்வியல் மற்றும் குவாண்டம் இயக்கவியல்களில் ஒழுங்கின்மை குறித்த புத்தகத்தைப் புதுச்சேரியில் உட்கார்ந்து வாசிப்பது எனக்குத் தனி அனுபவம். அதில் நிலவுக்கு ஓர் அத்தியாயம். ‘அணுவைப் பத்தின புத்தகத்துல நிலா எதுக்குப்பா?’ என்றார் நண்பர். சரியான கேள்வி.

1825இல் இதே ஊரில், ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரிக்கு ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தரையில் சோழிகள், மனதில் வாய்பாடுகள், அவ்வளவுதான். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிழை. ‘நமக்கு எல்லாம் அப்பவே தெரியும்’ என்பார்கள் ஒரு சாரார். 52 நிமிடத்தைக் காட்டிச் சிரிப்பார்கள் மறு சாரார். இரண்டுமே சோம்பேறித்தனம். சூரியன், பூமி, நிலா மூன்றும் ஆடும் சிக்கலான ஆட்டத்தில், 248 நாட்களில் ஏறக்குறைய திரும்பி வரும் ஒரு சுழற்சியைப் பிடித்துக்கொண்டது வாக்கிய மரபு.

குட்ஸ்வில்லர் 1971இல் தந்த சூத்திரமும் திரும்பி வருவதைத்தான் பிடிக்கிறது. தாறுமாறாக ஓடும் துகளின் பாதைகளில், தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொள்பவற்றை மட்டும் எடுத்து, அலைகளாகக் கூட்டினால் குவாண்டம் ஆற்றல் நிலைகள் தோராயமாகக் கிடைக்கின்றன. இதுவே அரைச்செவ்வியல் அணுகுமுறை. 1920களில் பழைய குவாண்டம் கொள்கை தடுக்கி விழுந்த ஹீலியத்தை, 1991இல் எஸ்ரா, ரிக்டர், டானர், விண்ட்கென் நால்வரும் இவ்வழியில் கணக்கிட்டார்கள். அங்கேயும் மூன்று பேர்தான்: ஒரு கரு, இரண்டு எலக்ட்ரான்கள்.

புத்தகத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. சூத்திரத்தைச் சோதிக்கும் உதாரணங்கள் பெரும்பாலும் ஒற்றைத் துகளோடு நின்றுவிடுகின்றன. துகள்கள் பெருகினால் ஆற்றல் நிலைகள் நெருங்கிவிடும். பிரித்தறிய மிக நீண்ட பாதைகள் வேண்டும். நீளம் கூடக்கூடப் பாதைகளின் எண்ணிக்கை எகிறும். எந்தச் சோழியும் போதாது. ரிக்டர், உர்பினா போன்றவர்கள் பின்னால் வேறு வாசல் வழியே நுழைந்தார்கள். ஒரே வகைப் போசான்கள் ஏராளமாக இருந்தால், தனித்தனியே துரத்தாமல், அவை சேர்ந்த அலையையே செவ்வியல் பொருளாகக் கொள்ளலாம். பிளாங்க் மாறிலியின் இடத்தைத் துகள் எண்ணிக்கையின் தலைகீழ் எடுத்துக்கொள்கிறது. கூட்டம் பெருகுவது இங்கே அனுகூலம்.

நண்பரிடம் சொன்னேன்: ‘தோராயம்னா ஏமாத்து இல்லப்பா. எங்க, எவ்வளவு தப்பும்னு தெரிஞ்சா அதுவும் அறிவுதான்.’ பஞ்சாங்கக்காரரின் கதையைச் சொல்கிறவர்கள் அந்த 4, 23, 52ஐயும் விடாமல் சொல்ல வேண்டும். அவருக்குச் செய்யும் மரியாதை அதுதான்.