அறைவீட்டு வழிபாடும் மலைமேல் விளக்கும்

புறச்சமய நூலிற் குற்றங் காண்பார், அக்குற்றம் அந்நூலின்கண் உள்ளதோ, தம் அரைகுறைப் படிப்பின்கண் உள்ளதோ என்று முதற்கண் ஆராய்தல் வேண்டும். இஃது அடியேன் பிழைபட்டு அறிந்த உண்மை.

மடத்திற் பாடங்கேட்டு ஊர் மீண்ட இளமைக்காலத்தே, குமாரலிங்கபுரத்தில் அன்பர் சிலர் கூட்டிய சொற்பொழிவில், விவிலியத்தின் இரு பகுதிகளை எடுத்துக்காட்டி இவை தம்முள் முரண் என்று பேசினேன். மத்தேயு சுவிசேடம் 5-ஆம் அதிகாரம் (14-16), மலைமேலுள்ள ஊர் மறையாது, விளக்கேற்றி மரக்காலின்கீழ் வையார், ஆதலின் நும் ஒளி மாந்தர்முன் விளங்குக என்கின்றது. 6-ஆம் அதிகாரமோ (5-6), தெருச்சந்தியில் நின்று வேண்டற்க, அறையுட் புகுந்து கதவடைத்து மறைவில் வேண்டுக என்கின்றது. கேட்டோர் நகைத்தனர். கிறித்தவ முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இரண்டையும் முடியும்வரை படித்தீர்களா?" என்று மட்டும் வினவி அமர்ந்தார். அன்றிரவே படித்தேன், நாணினேன்.

இரண்டும் மலைப்பொழிவு என்னும் ஓர் உபதேசத்தின் பகுதிகள். சொன்னவர் சிறிதுபோழ்தில் முன்சொல்லை மறந்தார் எனல் பொருந்தாது. வழிபாடு மறைவுக்குரியது, நற்செயல் வெளிப்படைக்குரியது என்று பிரித்து அமைதி கூறுவாரும் உளர். அதுவும் நில்லாது, 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கமே ஈகையாகிய நற்செயலையும் மறைவிற் செய்க என்று விதிக்கின்றது.

பின்னை அமைதி யாது? செயலின் பயனை நோக்குக. பின்னதில் விலக்கப்பட்டது, மாந்தர் காணவேண்டும் என்பதே கருதிச் செய்தல். அங்குக் காணப்படுதலே முடிந்த பயன். முன்னதில் மாந்தர் கண்டு, கண்டதனால் இறைவனைப் போற்றுதல் பயன்; அங்குக் காண்டல் இடைநிலையாய் எச்சமாத்திரையாக நின்று, போற்றுதலாகிய வினையைக்கொண்டு முடிகின்றது. மறைவு, வெளிப்படை என்னும் இடவேறுபாடன்று. புகழ் யாரைச் சாரும் என்பதே வினா. எச்சத்தை முற்றாகக் கொண்டது அடியேன் பிழை.

இனி, இதே வினாவை நம்மை நோக்கி ஒருவர் எழுப்பின் யாது கூறுவோம்? செபத்துள் மானதமே சிறந்தது என்கின்றோம். திருநீறு நெற்றியில் விளங்க அணிக, திருக்கோயிலிற் பலரறியத் தொழுக என்றும் விதிக்கின்றோம். இது முரணன்று என்பதைச் சிவஞானபோதத்தின் வைப்புமுறையே காட்டும். 9-ஆம் சூத்திரம் ஐந்தெழுத்தை உள்ளத்தே எண்ணச் சொல்லும். இறுதியாகிய 12-ஆம் சூத்திரம், அடியாரொடு கூடி அவர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே தொழச் சொல்லும். அகத்தே முற்றிய அன்பு புறத்தே தொழுது நிற்கும். ஆண்டும் தொழப்படுவான் இறைவனே. தொழுவான் தன்னைக் காட்ட நிற்பதில்லை.

நம் பக்கத்துத் திருச்சுழியில் 1879-இற் பிறந்த இரமண முனிவரை இங்கு நினைக்கலாம். கொள்கை வேறுபாடு கிடக்க. 1896-இல் அண்ணாமலையடைந்து பாதாள இலிங்கத்தின் இருளில் ஒடுங்கியிருந்தார். அவர் உலகைத் தேடவில்லை, உலகமே அவரைத் தேடி வந்தது. அமைதியுற்றிருந்து கடவுளை அறிக என்னும் 46-ஆம் சங்கீத வாக்கியத்தை அவர் உவந்து எடுத்துரைப்பர். அவ்வாக்கியத்தின் (10) பிற்பகுதி, எல்லா இனத்தாரிடையும் யான் உயர்த்தப்படுவேன் என்று இறைவன் கூறுவதாகும். ஒடுக்கமும் விளக்கமும் ஒரே வாக்கியத்தில் அமைந்தமை காண்க.

பரபக்கம் உலகாயதன் முதலியோர் கொள்கையை முன்வைத்த பின்னரே மறுக்கின்றது. ஆறுமுக நாவலரும் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்து, அந்நூலை நன்கு கற்ற பின்னரே 1854-இற் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டார். அவர் மறுப்புக்கு வலிமை தந்தது அக்கல்வியே. இரு வாக்கியங்களைத் துண்டித்தெடுத்து நகைப்பது மறுப்பாகாது. அன்று அவையினரை நகைப்பித்த அடியேன் பேச்சும், பிறர் காணவேண்டித் தெருச்சந்தியில் நின்று செய்த வழிபாடே. நம் இளைஞர் அவ்வழிச் செல்லாதிருப்பாராக.