ஆள் வேண்டாத ஊர்: மலாக்காவின் இருண்ட எதிர்காலக் காட்சிகளை ரசிப்பது எப்படி?

1982இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' படத்தின் தொடக்கத்தில் இருண்ட நகரம் ஒன்று அடிவானம்வரை விரிந்து கிடக்கும். உயர்ந்த குழாய்களின் உச்சியிலிருந்து தீப்பிழம்பு குபீரென்று எழுந்து அடங்கும். இங்கிலாந்தின் வடகிழக்கில், டீஸ் ஆற்றங்கரையில் தாம் பார்த்த ரசாயன ஆலைகளின் நினைவே அந்தக் காட்சிக்கு வித்து என்று இயக்குநர் ரிட்லி ஸ்காட் சொல்லியிருக்கிறார். மலாக்கா பட்டணத்திலிருந்து மஸ்ஜித் தானா பக்கம் இரவில் போகிறவர்கள் அதே வகைத் தீயை நேரில் பார்க்கலாம். தங்கா பத்து, சுங்கை ஊடாங் வட்டாரத்தில் 1994 முதல் இயங்கும் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், மிஞ்சிய வாயுவைப் பாதுகாப்பாக எரித்துவிடுவதற்காக உயரமான குழாய்கள் இருக்கின்றன. மேகம் தாழ்ந்த இரவில் தீ எழுந்தால் மேகத்தின் அடிவயிறே செம்மஞ்சளாக மாறும்.

நம் பிள்ளைகள் இப்படிப்பட்ட இடங்களைக் கைப்பேசியில் படமெடுத்து, "சினிமா மாதிரியே இருக்கு" என்று எழுதிப் பகிர்கிறார்கள். அந்த வியப்பு நல்ல தொடக்கம். ஆனால் அதோடு நின்றுவிட்டால், பார்த்ததில் பாதியைக்கூடப் பார்த்ததாகாது. இந்தக் காட்சிகளை ரசிக்க ஒரு பயிற்சி உண்டு. அதற்கு மலாக்காவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

திரைப்படக்காரர்களிடமிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். 1965இல் கோதார் எடுத்த 'ஆல்ஃபாவில்' வேறொரு உலகத்து நகரைப் பற்றிய கதை. அதற்காக அவர் அரங்கம் எதுவும் கட்டவில்லை. அன்றைய பாரிசின் புதுக் கட்டடங்களையும் வெளிச்சமான நடைக்கூடங்களையும் இரவில் அப்படியே படமெடுத்தார். தார்க்கோவ்ஸ்கி 'சோலாரிஸ்' (1972) படத்தில் காட்டும் எதிர்கால நகரம், அந்நாளைய டோக்கியோவின் மேம்பாலச் சாலைதான். இருவரும் செய்த வேலை, எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தேர்ந்தது மட்டுமே. இருவர் படத்திலும் முதலில் விடப்பட்டது அன்றாட மனித நடமாட்டம். சாலை ஓடும், விளக்கு எரியும், கதவு தானே திறக்கும். அங்கே யாருக்காக என்று கேட்டால் பதில் இராது.

இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் இல்லாமலே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் இடம் எதுவோ, அங்கேதான் இந்த உணர்வு பிறக்கிறது. வெறுமனே இடிந்து கிடப்பது பழைமை. ஆள் வேண்டாமல் இயங்குவது எதிர்காலம்.

அதனால் டச்சு சதுக்கத்தில் தொடங்காதீர்கள். இரவில் அங்கே ஹலோ கிட்டி, பிக்காச்சு பொம்மைகள் கட்டி, நூறு வண்ண விளக்கு மின்ன, ஒலிபெருக்கி அலற வரும் பெச்சா வண்டிகள் முதல் பார்வைக்கு அப்படியே எதிர்காலப் படம்போல இருக்கும். 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயத்தின் செஞ்சுவரில் ஊதாவும் பச்சையும் வழிவது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்த வண்டியின் பக்கத்தில் வியர்வையோடு ஒரு மனிதர் உட்கார்ந்து மிதிக்கிறார், பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார், பேரம் பேசுகிறார். அது திருவிழா. வண்ண விளக்கைக் கண்டு ஏமாறாத கண் வந்துவிட்டால் முதல் படி தாண்டியாயிற்று.

இரண்டாம் படிக்குக் காது வேண்டும். மாலை ஆறரை மணிக்குமேல், தரையில் கடைகளும் மாடியில் செங்கல் வைத்து அடைத்த சன்னல்களுமாக இருக்கும் பழைய கடைவீட்டைத் தேடுங்கள். மலாக்காவின் பழைய தெருக்களிலும் கரையோரத்துச் சின்னப் பட்டணங்களிலும் இவற்றைக் காணலாம். சுவரில் சின்னச் சின்னக் குழாய் ஓட்டைகள். உச்சியில் ஒரு சதுரத் திறப்பு. உள்ளே ஓயாத கீச்சொலி. அது பறவையின் குரல் அல்ல, ஒலிப்பதிவு. கூட்டுக்காக வளர்க்கப்படும் உழவாரக் குருவிகளை வரவழைப்பதற்கென்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறார்கள். குருவி தன் எச்சிலால் கட்டும் கூடு சீன உணவில் விலையுயர்ந்த பொருள். கூடு கட்ட இருட்டும் ஈரமும் வேண்டும்; அதற்காக மனிதர் வாழ்ந்த அறைகளில் தண்ணீர்த் தூவி ஓடுகிறது.

சற்று நின்று பாருங்கள். பொழுது சாயும்போது உண்மைக் குருவிகள் வட்டமடித்து வந்து, வேகம் குறையாமல் அந்தச் சதுரத்துக்குள் ஒவ்வொன்றாகப் பாயும். பதிவான குரலுக்கும் உயிருள்ள குரலுக்கும் இருக்கும் வேறுபாட்டைக் காது பிரித்தறியும் கணம்தான் இந்தக் காட்சியின் உச்சம். பிறகு பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே சாமி மேடையில் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே யாரோ தொலைக்காட்சி பார்ப்பார்கள். 2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின், பழைய நகருக்குள் குருவி வீடு இருக்கலாமா என்ற சர்ச்சை இரு ஊரிலும் எழுந்தது. அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே உள்ள ஒற்றைச் சுவரைப் பார்த்தால் சர்ச்சையின் பொருள் விளங்கும்.

மூன்றாவது, நமக்கு மிக நெருங்கியது: தோட்டம்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் எழுந்தது நம் மாநிலத்தில்தான். மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெருந்தோட்டமே போட்டார். அடுத்து வந்த பத்தாண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரக் காடெல்லாம் பால்காடானது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசைவீடுகளில் குடியேறினார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி, மரத்தடியில் வாளி வைக்கும் ஓசை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தண்ணீர்க் குழாயடிச் சண்டை, சனிக்கிழமைப் படம். ரப்பர் கையால் வெட்டுகிற பயிர். ஒவ்வொரு மரத்துக்கும் ஒருவர் முகம் காட்டியாக வேண்டும்.

செம்பனை வந்ததும் அந்தக் கணக்கு மாறியது. அதே பரப்புக்கு ஆள் குறைவாகவே போதும். இப்போது அந்த ஆளும் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ ஒப்பந்தத்தில் வந்தவர். லயங்கள் காலியாயின, பல இடங்களில் இடிக்கப்பட்டன. வெளியேறியவர்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் போனார்கள்.

ஒரு செம்பனைத் தோட்டத்தை எப்படிப் பார்ப்பது? காரின் சன்னலிலிருந்து தொடங்குங்கள். மரங்களை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடுகிறார்கள். அதனால் வண்டி ஓட ஓட வரிசைகள் விசிறிபோல விரிந்து மூடும். ஒரு நொடி நேர்கோட்டுச் சுரங்கம், மறு நொடி அடர்ந்த சுவர், மீண்டும் வேறு கோணத்தில் சுரங்கம். பிறகு செம்மண் சாலை ஓரமாக நிறுத்தி இறங்குங்கள். மட்டைகளின் நிழலில் பகலே பச்சை கலந்த இருட்டாக இருக்கும். இடையிடையே கம்பத்தின்மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது ஆந்தைக்கு. குலையைத் தின்னும் எலிகளைப் பிடிக்க, நிறுவனமே கூகைகளுக்குப் பெட்டி வைத்திருக்கிறது. மனிதர் வீடு அகற்றப்பட்ட இடத்தில் பறவைக்கு வீடு. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதை எழுதத் துணியமாட்டார் என்று நினைக்கிறேன்.

25 ஆண்டு ஆனதும் மரங்களுக்கு வயதாகிவிடும். மறுநடவுக் காலத்தில் இயந்திரம் வந்து ஒரு மலைச்சரிவு முழுவதையும் சாய்த்து, தண்டுகளைத் துண்டு துண்டாகச் சீவிப் போட்டுவிடும். அந்த வெட்டவெளியில் எங்காவது ஒரு சின்னக் கோபுரம் மட்டும் வண்ணத்தோடு நிற்கக் காண்பீர்கள். லயம் போனபின்னும் கோவில் போகவில்லை. மாரியம்மனோ முனியாண்டியோ அங்கேயே இருக்கிறார்கள். சுற்றிலும் ஒரு குடும்பம்கூட இல்லாத கோவிலுக்கு வருடத்தில் ஒருமுறை ஜொகூர், கிள்ளான், சிங்கப்பூர் என்று பல திசையிலிருந்தும் வண்டி வண்டியாக மக்கள் வந்து இறங்குகிறார்கள். காவடி எடுத்து, கஞ்சி ஊற்றி, யார் வீடு எந்த வரிசையில் இருந்தது என்று பனைமரங்களைக் கைகாட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். இருண்ட எதிர்காலப் படங்களில் இந்தக் காட்சி வருவதே இல்லை. அங்கே நகரம் மனிதரை வெளியேற்றினால் கதை முடிந்துவிடும். நம்மிடம் வெளியேறியவர்கள் திரும்பி வருகிறார்கள். தோட்டத்து மக்கள் அந்தப் படங்களைவிட ஒரு காட்சி முன்னே போய்விட்டார்கள் என்பது என் துணிபு.

கடற்கரைக்கு வாருங்கள். மலாக்கா தன் கடலைத் தள்ளித் தள்ளி வைக்கும் ஊர். 1956 பிப்ரவரி 20 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை அறிவித்த பண்டார் ஹிலிர் திடலுக்கு அப்பால் அன்று கடல்தான். இன்று அங்கே பேரங்காடிகள். அதையும் தாண்டி, மண் கொட்டி உருவாக்கிய மலாக்காத் தீவு. அங்கே 2006இல் திறந்த மலாக்கா நீரிணைப் பள்ளிவாசல், கடல் ஏறும்போது நீர்மேல் மிதப்பதுபோல் நிற்கும். தொழுகைக்கு மக்கள் வருகிறார்கள், அது உயிருள்ள இடம். அங்கிருந்து திரும்பும் வழியில் நீங்கள் பார்க்க வேண்டியவை வரிசை வரிசையான கடைவீடுகள். கட்டி முடித்து, பெரும்பகுதியில் யாரும் குடியேறாமலே காரை உதிர்ந்து, கூரையில் செடி முளைத்துக் கிடந்தவை. பாழான ஊர் என்றால் வாழ்ந்து கெட்டது என்று பொருள். இங்கே வாழ்வு தொடங்கவே இல்லை. தெருவிளக்கு, நடைபாதை, வாகன நிறுத்தக் கோடு எல்லாம் யாருக்காகவோ ஆயத்தமாகக் காத்திருக்கும்.

இதைவிடப் பெரிது மலாக்கா கேட்வே. 2014 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் தொடங்கிவைத்த திட்டம். மூன்று செயற்கைத் தீவுகள், ஆழ்கடல் துறைமுகம், பயணியர் கப்பல் முனையம் என்று 43 பில்லியன் வெள்ளி மதிப்பில் பேசப்பட்டது. மண் கொட்டும் வேலை குறித்த காலத்தில் முடியவில்லை என்று 2020 நவம்பரில் மாநில அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அதற்குள் அருகிலுள்ள போர்த்துகீசியக் குடியிருப்பு மீனவர்களின் கரை மாறிவிட்டது. இடுப்பளவு நீரில் நடந்து, வலையைத் தள்ளிக் கூனிப்பொடி பிடித்தவர்கள் அவர்கள். கடலோரம் நின்று மணல்மேட்டைப் படமெடுக்கும்போது, அந்த நடைக்கான இடம் எங்கே இருந்தது என்று மனத்துக்குள் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். காட்சியின் அளவு அப்போதுதான் பிடிபடும்.

வானத்தைத் தேடிப் போக வேண்டாம், அது வரும். சுமத்ராவின் ரியாவ் பகுதியில் கரிமண் நிலம் எரியும் ஆண்டுகளில் நீரிணையைத் தாண்டிப் புகைமூட்டம் வந்து கவியும். 2013 ஜூன் 23 அன்று பக்கத்து ஜொகூரின் மூவார், லெடாங் மாவட்டங்களில் அவசரநிலையே அறிவித்தார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே அபாயம், மூவாரில் அது 700ஐத் தாண்டியிருந்தது. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது என்ற விதி மாறி, செம்பு நாணயம்போல அது தொங்கும். கண் கூசாவிட்டாலும் உற்றுப் பார்க்காதீர்கள். புகையை ரசிக்கச் சொல்லமாட்டேன். ஆஸ்துமா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடும் தாய்மார் இருக்கும் நாளில் அது தகாது.

மறைந்திருக்கும் காட்சி ஒன்றும் உண்டு. பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் 1973இல் சீமென்ஸ் தொடங்கிய மின்னணு ஆலை இன்று இன்ஃபினியான். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் பால்வாளியை வைத்துவிட்டு இப்படிப்பட்ட ஆலைகளுக்குத்தான் வந்தார்கள். உள்ளே தலை முதல் கால்வரை மூடிய உடை, கண் மட்டும் வெளியே. அதை நாம் பார்க்க முடியாது. ஆனால் வேலைமுறை மாறும் நேரத்தில் ஆலைப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். கதவு திறந்ததும் அந்த முகமற்ற உடைக்குள் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டு, மல்லிகைச் சரத்தோடும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடும் இறங்குவார்கள்.

இதெல்லாம் அழகென்று சொல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சொல்லலாம், இழந்தவர் யார் என்று தெரிந்துகொண்டு சொன்னால். செம்பனைக்குள் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியை, முகமற்ற நிழலாகப் படத்தில் வைத்துவிட்டு நகர்வது தவறு. முதலில் வணக்கம் சொல்லுங்கள், கேட்டுவிட்டு எடுங்கள். தோட்டம் தனியார் நிலம். அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள், காலி லயத்துக் கூரைக்கடியில் நிற்காதீர்கள்.

எடுத்த படத்துக்குக் கீழே இடத்தின் பெயர், தேதி, முன்பு அங்கே என்ன இருந்தது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். மூன்றாவதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்று எழுபது எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு உங்கள் தாத்தா பாட்டியின் தோட்டத்துக் கோவிலுக்குப் போகும்போது, அவர்களையும் அழைத்துப் போங்கள். மரவரிசைகளுக்கு நடுவே தங்கள் வீடு இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி, அதைப் படமெடுங்கள்.